இந்த ஈடு இறங்கட்டும்

"அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி." தனலட்சுமி டீச்சரின் மகள் போனில் சொன்னபோது எங்கள் பேக்கரி அடுப்பில் ஒரு ஈடு பன் வெந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் டீச்சர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். செருப்பை மாட்டினேன், கழற்றினேன், வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். அந்த ஈடு இறங்கும்வரை கிளம்ப முடியவில்லை. ஏன் பிந்தி வந்தாய் என்று அன்று அவர் வீட்டில் துக்கத்துக்கு வந்திருந்த நீங்களெல்லாம் என்னைக் கேட்டீர்களே, இதுதான் பதில்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் அறிவியல், நான் கணக்கு. பள்ளியை இழுத்து மூடியபோது நான் அழுதேன். அவரோ, "இன்னும் எம்புட்டு நாளைக்குடி அடுத்தவக மணிக்கு ஓடுறது? வா, பேக்கரி போடுவோம்" என்றார். கே.கே. நகரில் அவர் தெருமுனையிலேயே ஒரு சின்னக் கடை பிடித்தோம்.

புத்தி மட்டும் பள்ளியிலேயே கிடந்தது. காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை நாலரைக்குப் பூட்டினோம். ஞாயிறு விடுமுறை வேறு! விடியற்காலையில் டீக்குத் தொட்டுக்கொள்ளத்தான் ஜனங்கள் பன் தேடுவார்கள் என்பது ஊருக்கே பாடம் நடத்திய எங்களுக்கு உறைக்கவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான், "ஏன் டீச்சர், ரொட்டி வாங்க லீவு லெட்டர் எழுதிட்டு வரணுமா?" என்று கேட்டார். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் ஐந்தரைக்கே கடை திறந்தது.

என் மனம்தான் நிலைகொள்ளவில்லை. வேறு பள்ளிக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். "பைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டி. போறதுன்னா போ. இந்த ஈடு இறங்கட்டும்" என்பார். இறங்கியதும் அடுத்ததை அடுக்கச் சொல்வார். எனக்குக் கோபமாக வரும். பாவி மனுஷி, அப்படியே மூன்று வருடம் என்னைக் கிளம்ப விடவில்லை.

அவர் காரியம் முடிந்த வாரமே ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தனியாகக் கடை நடத்த எனக்குப் பயம், ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும், கடைச் சாமான்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகலாம் என்று வந்தேன். வாசலில் ஆட்டோக்காரர் நின்றிருந்தார்.

"இன்னைக்கு உண்டா டீச்சர்?"

"எட்டு மணிக்கு வாங்கண்ணே. ஒரே ஒரு ஈடு போட்டுட்டுப் போறேன்."

டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு பேச்சுதான். முதல் ஈடு இறங்கும் முன்பே இரண்டாவதற்கு உருட்டி அடுக்கிவிட்டேன். அதுவும் இறங்கியபோது அந்தப் பள்ளியில் முதல் மணி அடித்திருக்கும்.