லீவுக்குப் பதிலாகக் கொடுத்த சொட்டு மருந்து

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். ஒரு பெண் என் பிரிவில் சேலை எடுத்துப்போடும் வேலையில் இருந்தாள். கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அம்மாவுக்கு அங்கே விசைத்தறி ஓடுகிற குடோனில் வேலை.

போன தீபாவளிக்கு முன்னால், கூட்டம் ஏற ஆரம்பித்த வாரத்தில், என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஒன்னுக்குப் போனா எரியுதுங்க. அடிவயிறும் வலிக்குது. நாளைக்கு லீவு குடுத்தீங்கன்னா டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவேனுங்க."

எங்கள் தளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கழிப்பறை கிடையாது. மேல்மாடிக்குப் படியேறிப் போகவேண்டும். ஒருத்தி திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம், அதுவும் என்னைக் கேட்டுவிட்டு. கேட்டால், "இந்தப் பார்ட்டிய முடிச்சுட்டுப் போ கண்ணு" என்பேன். சேலை வாங்க வந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் அடுத்தவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனாலேயே பிள்ளைகள் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை. இது எனக்குத் தெரியாதது அல்ல. அதே கவுன்ட்டரில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

லீவு கொடுத்தால் மேனேஜரிடம் பேச்சு வாங்கவேண்டியிருக்கும். என் கைப்பையில் ஒரு ஹோமியோபதி சொட்டு மருந்து இருந்தது. எனக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது டாக்டர் ஒருவர் கொடுத்தது. பெர்பெரிஸ் என்று பேர், ஏதோ முள்செடியின் வேர்ப்பட்டையில் எடுக்கிறார்களாம். அதைக் குடித்துவந்த நாட்களில் கல் இறங்கிப்போனது. மருந்தால் போனதா, தானாகப் போனதா என்று நான் யோசிக்கவில்லை. என் வலியும் அவள் எரிச்சலும் ஒன்றுதானா என்றும் யோசிக்கவில்லை.

"செடி மருந்து அம்மணி, ஒரு கெடுதலும் பண்ணாது. தண்ணில விட்டுக் குடி. கூட்டம் குறையட்டும், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கலாம்" என்றேன்.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். லீவு கொடுக்காமல் சமாளித்தாயிற்று என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் கேட்டபோது பரவாயில்லை என்றாள். ஒருதரம் முதுகைப் பிடித்துக்கொண்டு அலமாரியில் சாய்ந்திருந்தாள். நாளெல்லாம் நிற்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த ஒரு அம்மாதான் சத்தம் போட்டார். "ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுங்க! கை நடுங்கறதைப் பாருங்க!"

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டே வந்தாள். பரிசோதித்த டாக்டர் கோபப்பட்டார்.

"கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. எரிச்சல் வந்தப்பவே யூரின் டெஸ்ட் எடுத்து மாத்திரை சாப்பிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நானேதானுங்க சும்மா இருந்துபோட்டேன்."

நான் அதை மறுக்கவில்லை.

சாயங்காலம் அவளுடைய அம்மா வந்தார். வேலைக்குக் கட்டிப்போன சேலையோடு, தலையில் ஒட்டியிருந்த பஞ்சோடு வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "மருந்தெல்லாம் குடுத்துப் பார்த்துக்கிட்டீங்களாமுங்க. புள்ள சொல்லுச்சு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. லீவு கேட்டதையும், நான் மருந்தைக் கொடுத்துத் தள்ளிப்போட்டதையும் வராந்தாவில் நின்று சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நீங்களும் ஒரு பொம்பளைதானுங்களே" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தீபாவளியன்று அவள் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டாள், கிட்னிக்கும் பாதகமில்லை என்றார்கள். கடைக்கு மட்டும் திரும்பி வரவில்லை. ஊர்ப்பக்கமே ஒரு மருந்துக்கடையில் சேர்ந்துவிட்டாளாம். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். "அதை உடுங்க்கா" என்று சிரித்துவிட்டு, என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தாள்.

மேனேஜரோடு சண்டை போட்டேன். இப்போது பிள்ளைகள் யாரையும் கேட்காமல் மேல்மாடிக்குப் போய்வருகிறார்கள். கவுன்ட்டருக்குக் கீழே தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் சேர்ந்த ஒருத்தி, "மத்த கடையில எல்லாம் இப்படி இல்லீங்க்கா, நீங்க ரொம்ப நல்லவங்க" என்றாள். ஸ்டாக் ரூமில் வேலை இருப்பதாகச் சொல்லி அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.