நீலக்கோடு போட்ட மூட்டை

திருத்தணியில் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் அந்த ஊரில் கிடையாது என்பது என் எண்ணம். எழுபதுகளின் தொடக்கம். சென்னையிலிருந்து லாரியில் வரும் சரக்கைப் பஜார் கடைகளுக்கும், அங்கிருந்து பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்களுக்கும் பிரித்து அனுப்புவது எங்கள் தொழில். நான் சேர்ந்தபோது அது தொழிலாகவே இல்லை, கூத்தாக இருந்தது. பஜார்க்காரர் மூட்டை அடியில் கிடக்கும், பள்ளிப்பட்டு மூட்டை அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மேலே உள்ளதையெல்லாம் தெருவில் இறக்கி, அடியில் உள்ளதை உருவி, மறுபடி ஏற்றுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

ஆறே மாதத்தில் அதைச் சீர் பண்ணினேன். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். இதுதான் என் சட்டம். ஊருக்கு ஒரு நிறம் என்று மூட்டைகளில் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். லாரி வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்பியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

தலைக்கனம் ஏறிவிட்டது. பூச்சி மருந்துக்கு மட்டும் வாரம் ஒரு தனி டிரிப்பு போய்க்கொண்டிருந்தது. கரும்பு, நெல் விவசாயிகள் வாங்கும் மருந்து, தகர டின்களில் வரும். அந்த டிரிப்பை எடுத்துவிட்டு மளிகைச் சரக்கோடு சேர்த்தால் ஒரு லாரி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் லோடுமேன்களில் ஒருவன், என் வயதுதான் இருக்கும், ஒப்புக்கொள்ளவில்லை.

"மருந்தையும் மாவையும் ஒண்ணா ஏத்தக்கூடாதுங்க. ஒழுகினா யாரு பதில் சொல்றது?"

"ஒழுகும்போது பாத்துக்கலாம். நீ ஏத்து" என்றேன்.

பூச்சி மருந்துக்கடை ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரும். ஆகவே, என் சட்டப்படி, மருந்து டின்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஏறின. அவற்றுக்கு நேர் கீழே பஜார் கடைகளின் மைதா மூட்டைகள். அது சரியில்லை என்று எந்தப் படிக்காதவனும் சொல்லியிருப்பான். ஒருவன் சொல்லவும் சொன்னான்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது மாதம், ஆடிக் கிருத்திகைக்கு முன் வாரம், ஒரு டின் ஈயம் வைத்து ஒட்டிய இடம் விட்டு ஒழுகியிருந்தது. ஒரு மைதா மூட்டையின் மூலை நனைந்து மஞ்சளாகிவிட்டது. கடைக்காரர் முகர்ந்து பார்த்து, "இது எனக்கு வாணாம்" என்று திருப்பிவிட்டார்.

கடைக்காரர்கள் தள்ளிவிட்ட மாவுக்கு எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிப்பட்டுப் பக்கம் நெசவாளர்கள் தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டி, மாவுக் கஞ்சி பூசிக் காயவிடுவார்கள். கஞ்சி ஏறினால்தான் நூல் அறுபடாமல் நெய்ய வரும். அதற்கு நல்ல மாவு எதற்கு? நனைந்தது, புழுத்தது, லாரித் தரையில் கொட்டிக் கூட்டியது எல்லாம் அங்கே போகும். அடையாளத்துக்கு மூட்டையில் ஒரு நீலக்கோடு.

நனைந்த மூலையை வழித்து எறிந்துவிட்டு மூட்டையை இரண்டு நாள் வெயிலில் போட்டேன். வாடை குறைந்தாற்போல் இருந்தது. லோடுமேன் அதைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூட்டை நாசம் என்று எழுதினால் என் புதுத் திட்டத்தில் விழும் முதல் ஓட்டை அது.

"நூலுக்குப் பூசுற மாவுய்யா. நூல் என்ன வாந்தியா எடுக்கப்போவுது?" என்று சொல்லிவிட்டு நானே நீலக்கோடு போட்டேன். அவன் சிரிக்கவில்லை.

கிருத்திகையன்று ஊர் கொள்ளாத கூட்டம். காவடிகள் விடிகாலையிலிருந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. லாரிகள் ஊருக்குள் வரத் தடை என்பதால், பள்ளிப்பட்டு ரோட்டில் ஊருக்கு வெளியே எங்கள் லாரியை நிறுத்திச் சரக்கைக் கைவண்டியில் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதுவும் என் ஏற்பாடுதான். பதினோரு மணி வாக்கில் பள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். ஏழு வயது இருக்கும் அவளுக்கு. மஞ்சள் துணி கட்டியிருந்தாள்.

"நூல் வந்துச்சாங்க சார்?"

"அடுத்த லோடில் வரும்."

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. எங்க தெருவுல ஒரு தறி ஓடல. அதான் நானும் பொண்டாட்டியும் விரதம் இருந்துகினு, நூல் வரணும்னு மலைக்கு வந்தேன்."

நான் சரக்கு அனுப்பிய நோட்டைப் புரட்டினேன். உண்மைதான். மூன்று வாரமாகப் பள்ளிப்பட்டுக்கு ஒரு பேல் நூல்கூடப் போகவில்லை. ஆனால் நீலக்கோடு மாவு மட்டும் எப்போதும் போலப் போயிருந்தது, மருந்தில் நனைந்த அந்த மூட்டையும் சேர்த்து. இன்னும் அனுப்பச் சொல்லி அந்த ஊர்க் கடைக்காரர் சீட்டும் அனுப்பியிருந்தார். நோட்டின் ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தன. தினமும் பார்த்த பக்கம்.

"நூல் இல்லாம கஞ்சி மாவு எதுக்குங்க வாங்குறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். பஜாரில் அரிசி விற்ற விலைக்கு அவர்கள் அரிசி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கஞ்சி மாவைத் தின்கிறோம் என்று எந்த நெசவுக் குடும்பமும் வாய்விட்டுச் சொல்லாது என்பதும் தெரியும்.

"நைனா, மலைக்குப் போலாம்" என்று அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பசித்த முகம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து மேஜையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். "போய்ட்டு வாங்க. நூல் வந்துடும்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கூட்டம் இருவரையும் விழுங்கிக்கொண்டது.

ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ஊருக்கு வெளியே லாரி நின்ற இடத்துக்கு ஓடினேன். வண்டியில் நல்ல மைதா மூட்டை ஒன்று இருந்தது. லோடுமேனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே ஏறி உட்கார்ந்தான். கெட்ட மாவை வாங்கிக்கொண்டு அதே அளவு நல்ல மாவைக் கொடுத்துவிடுவது என்பது வழியில் எனக்குத் தோன்றிய யோசனை. பயத்திலும் எனக்குத் திட்டம் போடத்தான் தெரிந்தது.

பள்ளிப்பட்டு நெசவுத் தெருவுக்குள் போனபோது மதியம் திரும்பியிருந்தது. முன்பெல்லாம் அந்தத் தெருவில் தறிச் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பேச வேண்டும். அன்று என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. கடைக்காரர், "நீலக்கோடு மூட்டையா? நேத்து சாயங்காலம்தான் பிரிச்சேன். எட்டு வீட்டுக்கு அளந்து போட்டேன்" என்று வீடுகளைக் கை காட்டினார். காலிச் சாக்கை மட்டும் லாரியில் எடுத்துப் போட்டோம்.

முதல் வீட்டில், மாவில் புழு இருப்பதாகச் சொன்னேன். விஷம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சலிச்சிக்கிறோம் சார்" என்றார் அந்த வீட்டுக்காரர்.

நல்ல மாவு பதிலுக்குத் தருகிறேன் என்றதும் மாற்றிக்கொண்டார். அப்படியே ஏழு வீடு. இரண்டு வீட்டில் முந்தின ராத்திரி ஆக்கித் தின்றிருந்தார்கள். வயிற்றுக்கடுப்பு, ஆனால் ஆட்கள் நன்றாகவே இருந்தார்கள். மூட்டையின் மேல்மாவு அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். நனைந்த மூலைப் பக்கத்து மாவு கடைசியாக அளந்தவர்களுக்கு வந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எட்டாவது வீடு, காலையில் ஆபீசுக்கு வந்த நெசவாளருடையது. அவர் மனைவி வாசலில் நின்றார். தெருவே எங்கள் பின்னால் வந்திருந்தது.

"நேத்து வாங்குன மாவ சமைச்சிட்டீங்களா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். மடையன்.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "நாங்க ஏன் அதைச் சமைக்கப்போறோம்? பாவுக்கு வாங்குனது. கஞ்சி காய்ச்சிப் பூசியாச்சு. மீதி இல்ல."

"நல்ல மாவு தர்றேம்மா."

"எங்களுக்கு எதுக்கு? போங்க சார்."

அவர் தோளுக்குப் பின்னால் தறி தெரிந்தது. அதில் ஒரு இழை பாவு இல்லை. அடுப்பு ஓரமாக ஒரு சட்டி, ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. இரண்டையும் என் கண் பார்த்தது. லோடுமேனும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய் அந்தச் சட்டியைத் தூக்கிக் கொட்டியிருக்க வேண்டும். அல்லது, இது விஷம் என்று அந்தத் தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் அந்த மூட்டையை அனுப்பியது யார் என்ற கேள்வி வரும். வீடுகளைக் குறித்துக் கையில் வைத்திருந்த சீட்டில் எட்டாவது வீட்டுக்கும் ஒரு டிக் போட்டேன்.

திரும்பும் வழியில் பஸ் ஒன்று எதிரே வந்தது. கிருத்திகைக் கூட்டம் படியில் தொங்கிக்கொண்டிருந்தது. லோடுமேன் அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். "நீங்க சொல்லியிருக்கலாம்ங்க" என்றான். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவன் என்னிடம் ஒரு பேச்சும் பேசியதில்லை. மறுநாள் காலை மருந்து டின்களைத் தனியே எடுத்து வைத்தான். நான் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் நூல் வந்தது. முதல் பேலை வாங்கிக்கொள்ள அந்த நெசவாளர் வந்தார். தாடி விட்டிருந்தார். தனியாக வந்தார்.

"நீங்க வீட்டாண்ட வந்தீங்களாமே சார். புழு மாவுக்கு நல்ல மாவு குடுத்தீங்கன்னு தெருவே சொல்லுது. எம் பொண்டாட்டிதான் மானம் பாத்துகினு வாங்காம விட்டுட்டா. உங்களுக்குப் பெரிய மனசு."

"பாப்பா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஆங், போயிட்டா சார். அன்னிக்கி ராத்திரியே. வாந்திபேதின்னாரு டாக்டரு, திருவிழாத் தண்ணின்னாரு." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுதான் சார் மனசுக்கு ஆறுதலு. எங்க ரெண்டு பேருக்கும் விரதம். மூணு பேர் பங்கும் அவளுக்கே போட்டோம். ரொம்ப நாள் கழிச்சி அன்னிக்கிதான் புள்ள வயிறு நெறைய சாப்பிட்டுச்சு."

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் விரலை வைத்துக் காட்டினேன்.