எலிக்குப் பூர்வீகம் பார்த்தது

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்பதை அப்பாவுக்குப் புரிய வைக்க வெகுநாள் ஆனது. யாராவது கேட்டால் “பையன் எலி டாக்டருக்குப் படிக்கறானுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எலிக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு ஒன்று உண்டு என்றே எங்கள் தெருவில் பலர் நம்பினார்கள். கடைசியில் அவருக்குப் புரிந்துதான் போயிற்று. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கத்து எலிகளை எல்லோருக்கும் தெரியும். ஓட்டுக்கடியில் ஓடும் வீட்டெலி, வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலி, சாக்கடையோரப் பெருச்சாளி. பழுப்பு எலி இந்த மண்ணுக்கு உரியது அல்ல. கப்பலேறி வந்து துறைமுக ஊர்களில் தங்கிய இனம். கொஞ்ச வருடங்களாக நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையிலுள்ள கோழிப்பண்ணைகளில் அது பெருகிக் கிடக்கிறது. கடலில்லாத ஊருக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. எலியின் வால் நுனியைக் கொஞ்சம் வெட்டி, ஆல்கஹால் குப்பியில் போட்டு, ஆய்வகத்தில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படிக்க வேண்டும். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் பகுதி ஒன்று அதில் உண்டு. பல ஊர் எலிகளின் அந்தப் பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எதற்குச் சொந்தம் என்று ஓரளவு சொல்லலாம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, “நம்ம சனம் அப்பன் வழியில குலங் கூட்டம் பாக்குது. எலி ஆத்தா வழியாக்கும்?” என்றார்.

“எலி பாக்கலீங்ப்பா. நாங்கதான் அப்படிப் பாக்கறோம்.”

“அப்ப அப்பனுக்கு மருவாதியே இல்லீன்னு சொல்லு” என்று சிரித்தார்.

அப்பா ஒரு பண்ணையில் லாரி ஓட்டினார். வண்டி பண்ணைக்காரருடையது. தூத்துக்குடிப் பக்கம் முட்டை ஏற்றிப்போய், திரும்பும்போது தீவனத்தில் கலக்கக் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சலும் ஏற்றி வருவார். நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அந்த வண்டியில் ஏறியவர். நான் படித்தது முழுக்க அந்த வண்டியின் சம்பளத்தில்தான்.

பண்ணைகளுக்குள் வெளியாளை விடமாட்டார்கள். நோய் வந்துவிடும் என்ற பயம். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். லாரியின் சக்கரம் அதில் நனைந்துதான் உள்ளே போக வேண்டும், நம் காலும் அப்படித்தான். அந்த ஊரில் எனக்கு முதலில் திறந்த கதவு அப்பாவுடைய பண்ணைக்காரருடையது. “நம்ம டிரைவர் பையனா? உள்ள உடுங்கடா” என்றார். அவர் சொன்ன பிறகு அக்கம்பக்கத்துப் பண்ணைகளும் திறந்தன. எலிகளால் அவர்களுக்குத் தாங்க முடியாத தொல்லை. கூண்டுக்கடியில் முட்டை உருள்வதற்குள் எடுத்துக்கொண்டு போகும், மூட்டையைக் கிழிக்கும், ஒரு கொட்டகை முழுவதும் கோழிகளை மிரள வைக்கும். யார் பண்ணையிலிருந்து யார் பண்ணைக்கு வந்தது என்று அவர்களுக்குள் சண்டையே நடந்தது. கல்யாண வீட்டில்கூட ஒருவர் பந்தியில் ஒருவர் உட்காராத அளவுக்கு.

முடிவு வந்தது. பண்ணை எலிகள் எல்லாம் அநேகமாக ஒரே தாய்வழி. சென்னையிலிருந்து வந்த மாதிரிகளோடு பொருந்தவில்லை, சேலத்துச் சரக்கு நிலையத்து எலிகளோடும் இல்லை. தெற்கே தூத்துக்குடித் துறைமுகத்துக் கிடங்கு எலிகளோடு பொருந்தியது. எங்கோ ஒருமுறை, கொஞ்சம் எலிகள் வந்து இறங்கிப் பெருகியிருக்க வேண்டும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். கையில் சோற்றுடன் அப்படியே என்னைப் பார்த்தார்.

“அத்தனூண்டு வால வெச்சு ஊரையே சொல்லிப்போட்டியா?”

“மூட்டைக்குள்ள வந்திருக்கும்னு நெனைக்கறோம்ப்பா.”

“அடேங்கப்பா” என்றார். அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலை நானும் அவரோடு பண்ணைக்குப் போனேன். மருந்துத் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டிருந்தேன். முட்டை அட்டை ஏற்றும் ஆட்கள் நாலைந்து பேர், பண்ணைக்காரர், பழைய கூண்டுக் கம்பிக்கு விலை பேச வந்திருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். அப்பா வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்ண்ணா, என்ற பையன் கண்டுபுடிச்சுப்போட்டானுங்க!”

“என்னத்தப்பா?”

“எலிக்குப் பூர்வீகத்தைங்க. எல்லாந் தூத்துக்குடி எலிங்க. கருவாட்டு மூட்டையில ஏறி வந்திருக்குதுங்க.”

அட்டை ஏற்றியவர்களில் ஒருவர், “அப்ப எலிக்கு டிக்கெட் போட்டதே நீதானா டிரைவரே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் சிரிக்கவில்லை.

“ஆமா மச்சான், அந்தப் பக்கம் எப்பவும் லோடு அடிக்கறது உன்ற வண்டிதானே?” என்று பண்ணைக்காரரைப் பார்த்துக் கேட்டார். “இத்தன நாளா என்ற பண்ணைய நொட்டஞ் சொல்லீட்டுத் திரிஞ்சயே.”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். நான் ஓடிப்போய், “எந்த வண்டின்னு சொல்ல முடியாதுங்க, எல்லாரும் அங்கிருந்துதானுங்க லோடு எடுக்கறாங்க” என்றேன். யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே சேதி எல்லாப் பண்ணைகளுக்கும் போய்விட்டது. எலியைக் கொண்டுவந்தவர் என்று பண்ணைக்காரரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; அவருடைய டிரைவர் என்று சொன்னார்கள். அவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார். திட்டவில்லை. “கொஞ்ச நாளைக்கு உட்டுரு. எனக்கும் நாலு பேருக்குப் பதில் சொல்லோணுமில்ல” என்றார்.

நான் தனியாகப் போய் அவரைப் பார்த்தேன். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், “வாங்க சாமி” என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த ஊரில் அதுவரை நாற்காலி போட்டதில்லை. எங்கள் வண்டி ஒருபோதும் போகாத பண்ணைகளிலும் அதே எலிதான் என்றேன். அப்பா அந்த வண்டியில் ஏறுவதற்கு முன்பே வந்திருக்கலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாஞ் செரி சாமி. உங்கொப்பன் வண்டியில வரலீன்னு உன்ற மிசினு சொல்லுமா?”

“சொல்லாதுங்க.”

“வந்துச்சுன்னு?”

“அதுஞ் சொல்லாதுங்க.”

“பொறவு நான் என்னத்த வெச்சு வாயடைக்கறது?”

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

என் பேராசிரியரிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “எத்தனை தடவை வந்தது என்று பார்க்கலாம், ஏறக்குறைய எந்தக் காலம் என்று பார்க்கலாம். எந்த லாரி என்று எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது, தம்பி” என்றார் அவர். எனக்குத் தெரியாததா அது? வேறு யாராவது சொன்னால் மாறிவிடும் என்று நினைத்திருக்கிறேன்.

இப்போது அதே வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். அதே துறைமுகம், அதே கருவாட்டு மூட்டை. நான் இன்னமும் மாதிரி எடுக்க அங்கே போகிறேன். போகாவிட்டால் என் ஆய்வு நின்றுவிடும். எனக்குக் கதவு திறக்கிறது.

அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் வண்டியில் வேலை கிடைத்தது. கிணறு தோண்ட வட மாநிலங்களுக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். இந்த வயதில் வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. பை தூக்கிக்கொண்டு நாமக்கல் பஸ் நிலையம் வரை போனேன். பஸ் வரத் தாமதமானது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவராகவே பேச ஆரம்பித்தார்.

“ஒருக்கா மதுரைக்கு இந்தப்பக்கம் வண்டிய ஓரங்கட்டிப்போட்டு மூட்ட மேல படுத்திருந்தன். கால்ல என்னமோ ஏறி ஓடுச்சு. ஓணானோ என்னமோன்னு உட்டுப்போட்டன்.” டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “தார்ப்பாயிலகூட ஒரு பக்கம் பொத்தலிருந்துச்சு. தெச்சிருக்கோணும்” என்றார்.

“அப்பா, அது எந்த வண்டியிலயும் வந்திருக்கலாம். எத்தன தடவ சொல்றது?”

“நீ படிச்சவன். உன்ற படிப்பு தப்பா சொல்லாதில்ல?”

“படிப்பு உங்களச் சொல்லலீங்ப்பா.”

திருச்செங்கோட்டு பஸ் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பன்னு பாக்காத சாமி. நானா கொண்டாந்தன்?”

“தெரியாதுங்ப்பா” என்றேன். அதைத் தவிர என்னிடம் உண்மையான சொல் வேறு இல்லை.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று நான் சொல்லிவிட்ட மாதிரி, அதை நான் நோகாமல் சொன்னதற்கு நன்றி சொல்கிற மாதிரி, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். நான் ஜன்னல் பக்கமாகப் போய் மறுபடி சொல்ல முயன்றேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.