எந்த ராஜ்யம்?

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், உயிருக்குப் போராடும் வயதானவர்களுக்கென்று தனி வார்டு இருந்தது. தாட்சாயணி அங்கேதான் கடைசிவரை வேலை பார்த்தாள். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க, டாக்டர் தினமும் காலையில் தெலுங்கில் கேட்பார்: பெயர் என்ன, சொந்த ஊர் எது, அது எந்த ராஜ்யம்? தமிழ்க்காரர்களுக்கு அவள்தான் மாற்றிச் சொல்வாள். பதில் தப்பானால், சலைன் ஊசியைப் பிடுங்கிவிடாதபடி இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டவேண்டும். கட்டுவதும் அவள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் அவளுடைய அப்பா கன்னையா நிமோனியாவோடு அந்த வார்டுக்கு வந்தார். சத்தியவேடு பக்கத்து ஆள். தினமும் "மெட்ராஸ்" என்றார். சத்தியவேடு அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது; அது சரியான பதில். ஏப்ரல் முதல் தேதி எல்லையை மாற்றிச் சத்தியவேட்டை ஆந்திராவில் சேர்த்தார்கள். டாக்டர் பேப்பர் படிக்கிறவர். கன்னையா மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்தவர். அன்றும் "மெட்ராஸ்" என்றார். தாட்சாயணி அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள். பிறகு கட்டினாள்.

"ஆந்திரான்னு சொல்லு நைனா."

"நான் இங்கதானே படுத்துக்கினு கீறேன். ஊரை யாரு தூக்கிக்கினு போனாங்க?"

மறுநாள் "ஆந்திரா" என்றார். அவிழ்த்தாள். கைகள் கம்பியோரம் கட்டிய இடத்திலேயே கிடந்தன. அந்த வாரமே இறந்துபோனார். அவள் மற்றக் கட்டில்களையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வயதாகி, அதே வார்டில் அவளே காய்ச்சலோடு படுத்தாள். புது டாக்டர் எந்த ராஜ்யம் என்று கேட்டார். அவள் இரண்டு கைகளையும் கம்பியோரம் கொண்டுபோய் வைத்தாள்.