மெயின் வால்வும் விடாத வைரசும்

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெருவில் எல்லோருக்கும் அவர் ‘மெயின் வால்வு’தான். குழாய் வேலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கேட்பது ஒரே கேள்வி: “மெயின் வால்வ மூடினீங்களா?” மூடியாயிற்று என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். தானே மாடியேறிப் போய்த் திருகிப் பார்த்துவிட்டு வந்துதான் ஸ்பேனரை எடுப்பார். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் குழாயில் கை வைக்கிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

இப்பேர்ப்பட்டவர் கோட்டை விட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் மகள் படித்த காலத்தில் வாங்கியது. வேலை கிடைத்து அவள் வேறு ஊருக்குப் போனதும் அது இவர் கைக்கு வந்தது. பில் அடிக்க என்று சொல்லிக்கொள்வார். பெரும்பாலும் அதில் சீட்டாட்டம்தான் நடந்தது. ஒருநாள் விசிட்டிங் கார்டு அச்சடிக்க பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். ஊரிலுள்ள பென் டிரைவெல்லாம் வந்து மூக்கை நுழைத்துவிட்டுப் போகிற கம்ப்யூட்டர் அந்தக் கடையுடையது. திரும்பி வந்து வீட்டில் சொருகினால், ஃபோல்டர்களைக் காணோம். அதே பெயர்களில், மூலையில் ஒரு வளைந்த அம்புக்குறியை வைத்துக்கொண்டு, ஷார்ட்கட்டுகள் வரிசையாக நின்றன. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கூத்து. “இதுலயாவது இருக்கான்னு பாப்போம்” என்று, பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்கையும் எடுத்துச் சொருகினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலும் அம்புக்குறி முளைத்தது.

பில்லெல்லாம் போனால் போகட்டும். அவர் கவலை வேறொன்றைப் பற்றி.

முன்பு ஒரு முறை, அவசரத்தில், சொந்த வீட்டுச் சமையலறைக் குழாயை அவர் வால்வை மூடாமலே கழற்றிவிட்டார். ஆமாம், அவரேதான். தண்ணீர் கூரைவரைக்கும் பீய்ச்சியடித்தது. மனைவி கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு மூச்சுவிடாமல் திட்ட, மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு செல்போனில் வீடியோ எடுத்தாள். அதற்கடுத்த வருஷம் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள், பிழைத்தும் விட்டாள். குரல்தான் போய்விட்டது. இப்போது அவள் பேசினால் சருகை மிதித்த மாதிரி ஒரு கரகரப்பு. நாலு வார்த்தைக்கு மேல் வராது. அந்த வீட்டை ஆண்ட பழைய குரல் மிச்சமிருந்தது அந்த வீடியோ ஒன்றில்தான். மகளின் பழைய போன் கெட்டுப்போனதால், அதுவும் இந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த டிஸ்கிலும் மட்டும்தான் இருந்தது. மனைவி கடைக்குப் போகிற நேரம் பார்த்து அதைப் போட்டு, ஆசை தீரத் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த விஷயம் அவளுக்குத் தெரியாது.

அடுத்த தெரு ரிப்பேர்க்காரரிடம் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“ஃபார்மட் பண்ணிடலாம்ண்ணே. சுத்தமாயிடும்.”

“உள்ள இருக்கறது?”

“அதுவும் சேந்துதான் போகும்.”

மெயின் வால்வு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார். “கரப்பான்பூச்சி இருக்குன்னா வீட்டையே இடிக்கச் சொல்றான்” என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

மகளுக்குப் போன் போட்டார். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். “அப்பா, பென் டிரைவ், டிஸ்க் ரெண்டையும் கழட்டித் தூர வைங்க. நெட்டையும் பிடுங்கிடுங்க. நீங்க கம்ப்யூட்டர ஆன் பண்ணாலே வைரசும் கூடவே எந்திரிச்சுக்கும், அதனால அத வச்சே அத சுத்தம் பண்ண முடியாது. நான் இங்க சுத்தமான கம்ப்யூட்டர்ல வேற ஒரு பென் டிரைவ் தயார் பண்ணி கூரியர்ல அனுப்பறேன். அதுலேர்ந்து ஆரம்பிச்சு...”

“சரிம்மா, சரிம்மா. அப்பா பாத்துக்கறேன்.”

கூரியர் வந்தது. மேசை இழுப்பறைக்குள் போனது. ஊருக்கே கசிவை அடைக்கிறவருக்கு இந்த அம்புக்குறி எம்மாத்திரம்? ஆன்டிவைரஸ் ஒன்றை இறக்கி ஓடவிட்டார். அதுவும் பிடித்தது, அழித்தது, பச்சை நிறத்தில் டிக் அடித்தது. “ஒழிஞ்சுது சனியன்” என்று அறிவித்து டீ குடித்தார். பிறகு, நிஜமாகவே ஒழிந்ததா என்று பார்க்க பென் டிரைவைச் சொருகினார். அம்புக்குறிகள் வந்துவிட்டன. பென் டிரைவைத் துடைத்தார், டிஸ்கைச் சொருகினார். டிஸ்கைத் துடைப்பதற்குள் கம்ப்யூட்டருக்குத் தொற்றிக்கொண்டது. தினமும் ஒரு தடவை சனியன் ஒழிந்தது, தினமும் திரும்பி வந்தது. மனிதர் வேலைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். எதிர்வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டே கிடந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டே இந்த நாடகத்தை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டாட்டத்துக்கா இத்தனை பாடு என்று அவளுக்குச் சிரிப்பு. அன்றைக்கும் அவர் சனியன் ஒழிந்ததை அறிவித்துவிட்டு, பென் டிரைவைச் சொருகக் கையை நீட்டினார்.

“என்னங்க” என்றாள் அந்தக் கரகரத்த குரலில். “மெயின் வால்வ மூடினீங்களா?”

நீட்டிய கை அப்படியே நின்றது. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இழுப்பறையைத் திறந்து, கூரியர் உறையைக் கிழித்து, மகளுக்குப் போன் போட்டார்.

“ஆரம்பத்துலேர்ந்து சொல்லும்மா. இந்தத் தடவ கேக்கறேன்.”

பென் டிரைவும் டிஸ்கும் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போய் மூடி போட்டுக்கொண்டன. நெட் வயரைப் பிடுங்கினார். மகள் அனுப்பியதைச் சொருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கினார். உள்ளே இருந்த வைரஸ் கண் விழிக்கவே இல்லை. தூக்கத்திலேயே ஆள் காலி. அது முடிந்த பிறகுதான் டப்பா திறந்தது. முதலில் டிஸ்க், அதை முடித்துக் கழற்றிவிட்டு பென் டிரைவ். அம்புக்குறிகளையெல்லாம் அழித்து, மகள் சொன்னபடி ஒளிந்திருந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னார். அவை எங்கேயும் போயிருக்கவில்லை. மங்கலாக, அதே இடத்தில்தான் இருந்தன.

சந்தோஷத்தில் மனைவி வீட்டிலிருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. வீடியோவைத் தட்டிவிட்டார்.

“ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் போய் மூடினீங்களா மூடினீங்களான்னு கேக்கத் தெரியுதே, சொந்த வீட்டுல மூடத் தெரியலையா? டப்பாவெல்லாம் மிதக்குது பாருங்க. ஸ்பேனர வச்சுகிட்டு சிலை மாதிரி நின்னா ஆச்சா? போய் மூடுங்க.”

அறை முழுக்க அந்தக் குரல் கணீரென்று நிறைந்தது. திரும்பிப் பார்த்தால், வாசற்படியில் மனைவி, கையில் பாதி மடித்த துண்டோடு.

“இதுக்காகவா?” என்றாள்.

“உன் குரல் இது ஒண்ணுலதான் இருக்கு” என்றார்.

“திட்டறதுதான் கெடச்சுதா?”

“அதுலதான் நீ நல்லாப் பேசியிருக்க.”

அவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார். இந்த முறை அவளுடைய உதடுகளும் சேர்ந்து அசைந்தன. ஒரு வார்த்தை பிசகவில்லை. திரையிலிருந்து குரல் வந்தது, முகம் பக்கத்தில் இருந்தது. கடைசியில் “போய் மூடுங்க” என்ற இடம் வந்ததும் அவள் விரல் மாடிப்படிப் பக்கம் நீண்டது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.