மலையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

ஈனோக்குக்குக் கடல் கைவந்த கலை, மலை என்றால் கிலி. சீல் என்கிற கடல்நாய் வேட்டையில் அவரை அடித்துக்கொள்ள, வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஆளில்லை. ஆனால் ஐம்பத்து மூன்று வயதுவரை ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர், மனைவி மாலேனேயின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முயல் சூப் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

விருந்தன்று காலை மலையேறினார். செப்டம்பர் மாதம், பனி இன்னும் விழவில்லை. மலை முழுக்கப் பழுப்பு. எங்கள் முயலோ வருஷம் பூராவும் வெள்ளை. தரையோடு படர்ந்த செடியை மென்றபடி, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஈனோக்குக்கும் அதே நினைப்புதான். உறைந்த கடலில் சீலை ஏமாற்றப் போடும் வெள்ளை அங்கியைப் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் வீடுகளில் ஜன்னலுக்கொரு பைனாகுலர் உண்டு. காபிக்கு வந்த விருந்தாளிகள் மொத்தப் பேரும் ஜன்னலை மொய்த்தார்கள். மாலேனேயின் தம்பி உல்லோரியாக் வாக்கிடாக்கியை எடுத்தான். அதன் ஜோடி ஈனோக்கின் இடுப்பில் இருந்தது.

“மாமா, மலையில ரெண்டு முயல் தெரியுது. துப்பாக்கி வச்சிருக்கிறது நீங்கதானே?”

“வாய மூடுடா மச்சான்!”

அவர் போட்ட சத்தத்தில் முயல் பாய்ந்தது. பின்னங்கால் நீளமான பிராணிக்கு ஏற்றம் சமதரை மாதிரி. மேலே போய் மடக்கவேண்டிய மனிதர் கீழே நின்றார். முயல் உச்சியில் நின்று, இரண்டு காலில் எழுந்து, அவரையே பார்த்தது.

“சொந்தக்காரர்னு நெனச்சிருச்சு மாமா!”

வாக்கிடாக்கி முழுக்கச் சிரிப்பு. நடுவில் மாலேனேயின் குரல்: “சிரிக்காதடா, பாவம்டா அவரு.”

அவளும் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். இந்தப் ‘பாவம்’ சுருக்கென்று தைத்தது. அங்கியைக் கழற்றிக் கல்லுக்கடியில் திணித்துவிட்டு, பழுப்பு ஸ்வெட்டரோடு குப்புறப் படுத்தார். குளிரில் பல் தந்தியடித்தது.

“ஐயையோ, மாமாவக் காணோமே!”

முயலும் அவரைக் காணாமல் தவித்தது. ஓடிப் பிழைக்கும் புத்தி இருந்தாலும், வேடிக்கை பார்க்கும் புத்தி அதைவிடப் பெரியது. கழுத்தை நீட்டிக்கொண்டு இரண்டு தாவல் இறங்கியது. இன்னும் இரண்டு. அவர் சுட்டார்.

வாக்கிடாக்கியில் மாலேனே கேட்டாள். “விழுந்துருச்சா?”

“விழுந்துருச்சு. எத்தன பேரு வந்திருக்காங்க?”

“முப்பத்தி ரெண்டு.”

ஈனோக் முயலைத் தூக்கிப் பார்த்தார். “ஆளுக்கொரு வாய்கூட வராதும்மா.”

“அவங்களுக்கு வேற ஏதாவது போடுறேன்,” என்றாள் மாலேனே. “அது எனக்கு.”