புதன்கிழமைப் பாட்டும் பெற்றீசியாவின் சந்தேகமும்

பெற்றீசியாவுக்குச் சந்தேகத்தைத் தாய்ப்பாலோடு ஊட்டிவிட்டார்கள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் சும்மா பேச்சு. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு. ஈரக் கொழுந்து என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று இன்னொரு கழிவு, ஏனென்று கேட்டால் கணக்கப்பிள்ளையிடமிருந்து ஒரு முறைப்பு. பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போன நாளிலிருந்து தராசு முள்ளையே பார்த்துப் பார்த்து அவள் கண் அப்படி ஆகிவிட்டது. பிறகு அது தராசோடு நிற்கவில்லை. ஞாயிற்றுப் பூசையில் உண்டியல் ஏந்தி வருகிறவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காசு போடுவாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டி" என்பாள் தாய் அந்தோனியம்மா.

"பேய் இல்லாமயா அவ்வளவு இருட்டா இருக்கு?" என்பாள் மகள். இவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

இப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது வானொலி.

எழுபத்தைந்தாம் ஆண்டு. வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், அவர்கள் லயத்துக்கு அப்போதுதான் முதல் ரேடியோ வந்திருந்தது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த அழகுமுத்து வாங்கியது. பெட்டரி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். ஆகவே வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை சாயந்தரம் மட்டும், நேயர்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பாட்டுக்காகப் பெட்டி திறக்கப்படும். பத்தாவது இடத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி முதலிடத்துக்கு வருவார்கள். பாட்டுக்கு நடுவே வாக்குப் போட்டவர்களின் பேரையும் ஊரையும் வாசிப்பார்கள். கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கிவைத்து, பெண்கள் ஓடி வந்து சேர்வதற்குள் நிகழ்ச்சி தொடங்கியிருக்கும். அவர்கள் வராமல் அழகுமுத்து பெட்டியைத் தொடமாட்டார். ஒரு ஆளுக்காகப் பெட்டரியைக் கரைப்பதா என்பது அவருடைய நியாயம். அதனால் பத்தாவது பாட்டு என்னவென்று அந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அது போனால் போகட்டும், மிச்சம் ஒன்பதுக்கும் அங்கே நடக்கும் கூத்து கொஞ்சமல்ல. இந்தப் பாட்டுத்தான் முதலிடம் என்று ஒரு கட்சி, அந்தப் பாட்டுத்தான் என்று ஒரு கட்சி. தோற்ற கட்சி எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்ற வேண்டும். பெற்றீசியா எந்தக் கட்சியோ அந்தக் கட்சியின் சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்கும்.

கத்தினால் போதுமா? வாரம் தவறாமல் தபாலட்டையும் எழுதினாள். வட்டகொடை பெற்றீசியா என்று ஒரு தடவை வானொலியில் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. மாதங்கள் போயின. பேர் வந்தபாடில்லை. ஆனால் கொட்டகலை ரத்னா என்று ஒருத்தி பேர் மட்டும் வாரா வாரம் வந்து அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது.

அட்டைகளை அவள் கொடுத்தனுப்பியது லியனார்டிடம். தோட்டத்து ஆபீஸ் தபால் பையைத் தினமும் வட்டகொடைக்குச் சுமந்து போய் வருகிறவன் அவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். மார்கழியில் அவனுடைய வீட்டார் பெற்றீசியாவைப் பெண் கேட்டு வந்தார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சம்மதம் என்றாள். தை பிறந்ததும் வட்டகொடைக் கோவிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, ஒரு தடையும் வராவிட்டால் கல்யாணம்.

முதல் ஓலைக்கு அடுத்த புதன்கிழமைதான் வினை வந்தது. பெற்றீசியா கேட்டு எழுதிய அதே பாட்டு, கொட்டகலை ரத்னா பேரில் வந்தது. அவளுக்குச் சுரீரென்றது. லியனார்டின் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது எங்கே? கொட்டகலையில். மாதம் ஒரு தரம் அவன் போவது எங்கே? கொட்டகலைக்கு. அப்படியானால் என் பேரை வெட்டிவிட்டு எவள் பேரை எழுதுகிறான்? கூட்டிக் கழித்துப் பார்த்தாள், கணக்கு அச்சாகப் பொருந்தியது. வேண்டாத கணக்கெல்லாம் அப்படித்தான் பொருந்தும்.

நேரே கேட்டால் உஷாராகிவிடுவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு சோதனை வைத்தாள். பாட்டு அட்டையோடு, பூண்டுலோயாவில் இருக்கும் பெரியம்மா மகள் ஐவிக்கும் ஓர் அட்டை எழுதிச் சேர்த்துக் கொடுத்தாள். இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை ஐவியிடமிருந்து பதில் வந்து நின்றது. ஆக, மற்றத் தபாலெல்லாம் ஒழுங்காகப் போகிறது, பாட்டு அட்டைதான் போவதில்லை.

"மூணாவது ஓலைக்கு முந்தி சாமியார்கிட்ட சொல்லி நிப்பாட்டிருவேன்" என்றாள் தாயிடம்.

அந்தோனியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஓலையில பேரு ஏறின பொண்ணுடி நீ. நின்னு போச்சுன்னா அப்புறம் எவன் வருவான்? அந்தப் பையன் முகத்துல எப்படி முழிப்ப?"

"அவன் முகத்துல முழிக்கத்தான் எனக்கும் பிடிக்கல" என்றாள் பெற்றீசியா. சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் புதன். பனி கருக்கி மலையில் கொழுந்தே இல்லை என்று மத்தியானத்தோடு வேலை விட்டார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லாரும் முன்கூட்டியே வந்து குந்தியிருக்க, அழகுமுத்து நேரத்துக்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: எட்டு ஆண்டுகளுக்கு முன் நேயர்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பாடல்கள், அன்று ஒலித்தபடியே இன்று மறு ஒலிபரப்பாக வருகின்றன.

அழகுமுத்துதான் முதலில் சிரித்தார். "அடி ஆத்தே, செத்துப்போன எலெக்சனுக்கா தங்கச்சி இத்தனை நாளா ஓட்டுப் போட்ட? அந்த ரத்னாவுக்கு இப்ப புள்ளைங்க பள்ளிக்கூடம் போகும்."

"அப்ப இது பூராவும் பழசாண்ணே?" என்றாள் பெற்றீசியா.

"பழசா இருந்தா என்ன, நாம கேக்குறது இப்பத்தானே. பேசாம இரு, பத்தாவது பாட்டு வருது. இதுவரைக்கும் நாம கேட்டதே இல்ல."

எல்லாரும் பத்தாவது பாட்டில் சொக்கிப்போனார்கள். பெற்றீசியாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். ரத்னாவும் இல்லை, வெட்டி எழுதவும் இல்லை. நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனால் அவள் பிறவிக்குணம் விடுமா? ஆறாவது பாட்டு வருவதற்குள் அடுத்தது முளைத்துவிட்டது. வட்டகொடையில் நாகலிங்கம் முதலாளி கடை ரேடியோ நாள் முழுக்கப் பாடும். சாயந்தரத் தபாலுக்கு லியனார்டு காத்திருப்பது அந்தக் கடை வாசலில்தான். தொடக்கத்தில் சொன்னதை அவன் கேட்காமலா இருந்திருப்பான்?

வியாழக்கிழமை ஆபீசுக்குப் பின்னால் போகிற பாதையில் அவனை மறித்தாள்.

"அது பழைய நிகழ்ச்சின்னு உங்களுக்குத் தெரியுமா?"

லியனார்டு பையை இறக்கிவைத்தான். "தெரியும். ஆனி மாசமே கேட்டேன்."

"அப்ப என் கார்டெல்லாம்?"

"போட்டேன். ஒண்ணு விடல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. என்னைப் பைத்தியக்காரி ஆக்கி வேடிக்கை பாத்தீங்களா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "கார்டக் கிழிச்சுப் போட்டுட்டு கத விடுறான்னு சொல்லியிருப்ப. அது ஆபீசுக்குப் போயிருக்கும். என் வேலையும் போயிருக்கும்."

அவள் அச்சு அசலாக அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"ஐவிக்கு எழுதினதும் எனக்குத் தெரியும். போஸ்ட்கார்டு தானே, மூடியா இருக்கு? கார்டு கிடைச்சுதான்னு உடனே எழுதுன்னு ஒரே வரி. என்னைத் தராசுல போட்டுப் பாத்திருக்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நானும் ரெண்டு மூணு நாளா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பெற்றீசியா. காலம் பூரா இப்படி நிறுத்துக்கிட்டே இருந்தா எப்படிக் குடும்பம் நடத்துறது? ஞாயித்துக்கிழம சாமியார் கேப்பாரு. அப்பப் பாப்போம்."

போய்விட்டான். ஓலையை நிறுத்தப்போகிறேன் என்று குதித்தவளுக்கு இப்போது வேறு பயம். அவன் நிறுத்திவிட்டால்? சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. தாயிடம் சொன்னால் வெளக்குமாற்றை எடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். இவர்களுக்குள் ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள் என்று நிறுத்தினார். பெற்றீசியா முக்காட்டுக்குள்ளிருந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள். லியனார்டு உட்கார்ந்திருந்த வாங்கு கிரீச்சிட்டது. மாதாவே என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாரோ இருமினார்கள். திறந்து பார்த்தபோது அவன் உட்கார்ந்துதான் இருந்தான். சாமியார் அடுத்த அறிவித்தலுக்குப் போய்விட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் லியனார்டு நின்றான். "அத்தை, பஸ்சு இன்னைக்கு இல்லயாம். நடந்துதான் போகணும்" என்றான் அந்தோனியம்மாவிடம்.

வேறு நாளாயிருந்தால் பெற்றீசியா கடைக்காரனிடம் ஒரு தரம், ரயில் ஸ்டேசனில் ஒரு தரம் விசாரித்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்திருப்பாள். அன்றைக்கு ஒரு விசாரணையும் இல்லாமல் அவனோடு நடந்தாள். பாதி தூரம் போயிருப்பார்கள். பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு, பாதி இருக்கை காலியாக, பஸ் அவர்களைக் கடந்து மேலே ஏறிப் போயிற்று.

"அடியே, பஸ்சு போகுதுடி" என்றாள் அந்தோனியம்மா.

லியனார்டு அந்தப் பக்கத்து மலையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டு நடந்தான். அவன் காது சிவந்திருந்தது. பெற்றீசியா அவனைப் பார்த்தாள். நாக்கு நுனியில் எத்தனையோ கேள்வி வந்து முட்டிக்கொண்டு நின்றது. அத்தனையையும் விழுங்கினாள்.

"கொஞ்சம் மெதுவா நடங்க, அம்மாவுக்கு முழங்கால் வலி" என்று மட்டும் சொன்னாள்.